டப்பாவில் அடைத்த ஜீரணம்

திருப்பூரில் ஆர்டருக்கு நேரம் உண்டு. ஆகாரத்துக்கு நேரம் கிடையாது. சரக்குக் கப்பலேற வேண்டிய நாள் நெருங்கிவிட்டால், காலையில் ஆரம்பிக்கும் வேலை 'ஒன்றரை ஷிப்டு' என்னும் கணக்கில் இரவு வரையில் நீண்டுகொண்டே போகும். நடுவில் டீயும் பன்னும் ஒரு வடையும். வீடு திரும்பியதும் ஒரு பெருஞ் சாப்பாடு. அடுத்த நிமிஷம் படுக்கை. இவ்விதம் ஆண்டுக் கணக்கில் வயிற்றை வேலை வாங்கிவிட்டு, "எனக்கு ஜீரண சக்தியே போய்விட்டது" என்று குறைப்பட்டுக்கொள்ளும் பெற்றோர்களைப் பள்ளிக்கூடத்தில் நான் அடிக்கடி சந்திக்கிறேன்.

போன சக்தியைத் திருப்பிக் கொண்டுவருவதாகச் சொல்லும் டப்பாக்கள் இந்நாளில் மருந்துக் கடையிலும், மளிகைக் கடையிலும், கைப்பேசித் திரையிலும் வந்து குவிந்திருக்கின்றன. அவற்றின் மேல் பெரிய எழுத்தில் காணப்படும் சொல் 'என்ஸைம்' என்பது. பாடப் புத்தகங்களில் நாங்கள் இதை 'நொதி' என்கிறோம். ஆகாரத்தை ஜீரணிக்கச் செய்யும், வாயுவை அகற்றும், இரத்தத்திலுள்ள நச்சைக் கழுவி வெளியேற்றும் என்றெல்லாம் அந்த டப்பாக்கள் உறுதி கூறுகின்றன. இவற்றில் எது மெய், எது பொய் என்று ஆராய வேண்டிய அவசியம் எனக்கு ஒரு மாணவனின் தகப்பனாரால் நேர்ந்தது.

அவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரு நாள் மாலை பையிலிருந்து டப்பா ஒன்றை எடுத்து என் மேஜை மீது வைத்தார்.

"ஏனுங்க சார், நீங்க சயன்ஸ் சொல்லிக் கொடுக்கறவங்க. இதுல என்ன எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. ஏழு மாசமாச் சாப்பிடறேன். குணம் தெரியலீங்க" என்றார்.

அவர் சொல்லாமலே அவருடைய சட்டை சொல்லிற்று. இரண்டு பேர் நுழையும்படி தொளதொளவென்று தொங்கிற்று. மேல் வயிற்றில் வலி கண்டு முதுகு வரை பாய்கிறது. எண்ணெய் மிதப்பது போல் மலம் போகிறது. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டுவதில்லை. கூட வேலை செய்யும் ஒருவரே பகுதி நேர வியாபாரமாக அந்தப் பொடியை விற்றிருக்கிறார். "உடம்பிலுள்ள விஷம் வெளியேறுகிறது, அதனால்தான் மெலிகிறீர்கள்" என்று தேறுதலும் சொல்லியிருக்கிறார். டப்பாவில் பப்பாளியிலிருந்து எடுக்கும் பப்பேன், அன்னாசியிலிருந்து எடுக்கும் ப்ரோமெலைன் என்ற இரண்டு பெயர்கள் இருந்தன. எத்தனை பலம் என்பதற்கு ஓர் எண்ணும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குத் தாமதமின்றிப் போகும்படி அவரிடம் சொன்னேன். அங்கே தெரிந்த விஷயத்தைப் பிற்பாடு கூறுகிறேன். முதலில் என்ஸைம் என்பது என்னவென்று பார்ப்போம்.

*

சோற்றை வாயிலிட்டு விழுங்காமல் சிறிது நேரம் மென்றுகொண்டிருந்தால் இனிப்புத் தட்டுகிறதல்லவா? உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்னும் என்ஸைம் மாவுப் பொருளைத் துண்டு துண்டாக நறுக்கிச் சர்க்கரையாக்குவதால் உண்டாகும் இனிப்பு அது. முளைகட்டிய தானியத்தில் இவ்விதச் சக்தி இருப்பதை 1833-ல் பாயன், பெர்ஸோ என்ற இரண்டு பிரெஞ்சு ரஸாயனிகள் கண்டு அதற்கு 'டயஸ்டேஸ்' என்று பெயரிட்டார்கள். 1836-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஷ்வான் என்பவர் இரைப்பையில் புரதத்தைக் கரைக்கும் பெப்ஸினைக் கண்டார். 'என்ஸைம்' என்ற பொதுப் பெயர் 1870-களில்தான் வழங்கத் தொடங்கிற்று.

என்ஸைமைக் கடையில் விற்கும் மருந்தாக்கிப் பெரும் புகழ் பெற்றவர் கீழ்த்திசையைச் சேர்ந்தவர் என்பதில் நாம் சிறிது பெருமை கொள்ளலாம். ஜப்பானியரான ஜோகிச்சி தக்காமினே, தம் நாட்டில் அரிசியைப் புளிக்க வைக்கப் பயன்படும் பூஞ்சக் காளானைக் கோதுமைத் தவிட்டில் வளர்த்து, அதிலிருந்து டயஸ்டேஸைப் பிரித்தெடுத்து, 1894-ல் அமெரிக்காவில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பார்க்-டேவிஸ் கம்பெனி அதை 'தக்கா-டயஸ்டேஸ்' என்ற பெயரில் உலகெங்கும் விற்றது. சாப்பாட்டுக்குப் பின் ஒரு கரண்டி குடிக்கும் வழக்கமுள்ள ஜீரண மருந்துகள் பலவற்றுக்கு அதுவே மூதாதை.

இந்த என்ஸைம்களுக்கெல்லாம் பொதுவான குணம் ஒன்று உண்டு. ஒவ்வொன்றும் ஒரே வேலை தெரிந்த ஆள். மாவை நறுக்குவது புரதத்தைத் தொடாது; புரதத்தை நறுக்குவது கொழுப்பைத் தொடாது. அந்த ஒரு வேலையையும் அதற்கு ஒத்த சூடும், ஒத்த புளிப்பும் இருந்தால்தான் செய்யும். இல்லாவிட்டால் சும்மா இருந்துவிடும், அல்லது கெட்டே போய்விடும்.

இதை நான் புத்தகத்தைக் கொண்டுதான் வகுப்பில் போதிக்கிறேன். நம் ஊர்ச் சாயப்பட்டறை மாஸ்டர்களோ தினந்தோறும் கையாலேயே செய்கிறார்கள். பனியன் துணியின் மேல் நிற்கும் மெல்லிய பஞ்சு இழைகளை நீக்கி வழவழப்பாக்குவதற்கு 'பயோ வாஷ்' என்று ஒரு முறை உண்டு. அதில் போடுவது ஸெல்லுலேஸ் என்னும் என்ஸைம். தண்ணீர் ஏறக்குறைய 50 முதல் 55 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். புளிப்பு அளவு சுமார் 5 இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும். முடிந்தவுடன் சூட்டை ஏற்றியோ காரத்தைச் சேர்த்தோ அந்த என்ஸைமைச் செயலற்றதாக்கிவிட வேண்டும். மறந்துவிட்டால் பஞ்சு இழையோடு நில்லாமல் துணியையே அரிக்கத் தொடங்கும்.

பெராக்ஸைடு போட்டு வெளுத்த துணியில் மிஞ்சி நிற்கும் பெராக்ஸைடை நீக்குவதற்கு வேறொரு என்ஸைம். அதற்குக் காட்டலேஸ் என்று பெயர். பல்லடம், சோமனூர்ப் பக்கத்து விசைத்தறித் துணியில் பாவுக்கு ஏற்றிய கஞ்சியை நீக்குவதற்கோ அமிலேஸ். நம் வாயில் சோற்றை இனிப்பாக்கும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். கஞ்சியை எடுக்கக் காட்டலேஸைப் போடும் மாஸ்டரை முதலாளி மறுநாள் வேலைக்கு வைத்திருக்க மாட்டார். எந்தப் பொருள், எதன் மேல், எந்தச் சூட்டில், எந்தப் புளிப்பில், எவ்வளவு நேரம் என்று கேட்காமல் ஒரு கிலோ பவுடரைக்கூட யாரும் தொட்டியில் கொட்டுவதில்லை. அதே ஊரில், அதே மனிதர்கள், இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்காமல் என்ஸைம் பொடியை வயிற்றில் கொட்டிக்கொள்வதுதான் வியப்பு.

*

வயிற்றுக்குள் நடப்பதைப் பார்ப்போம். வாயில் அமிலேஸ் தொடங்கிய வேலை இரைப்பைக்குப் போனதும் நின்றுவிடுகிறது. அங்கேயுள்ள அமிலம் அத்தனை கடுமை. அந்த அமிலத்தில் பெப்ஸின் மட்டும் புரதத்தை அறுக்கிறது. பிறகு ஆகாரம் சிறுகுடலுக்குள் இறங்கும்போது, இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கணையம் என்னும் சுரப்பி காரமான நீரைப் பொழிந்து அமிலத்தைத் தணிக்கிறது. அந்த நீரில் மாவுக்கு அமிலேஸ், புரதத்துக்கு டிரிப்ஸின், கொழுப்புக்கு லிபேஸ் என்று மூன்று ஆட்களும் வந்து சேருகிறார்கள். கல்லீரலிலிருந்து வரும் பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாகச் சிதறடித்து லிபேஸுக்கு வேலையை இலேசாக்குகிறது.

இந்தக் கணையத்தின் சேமிப்பு பிரமிக்கத்தக்கது. அது சுரக்கும் என்ஸைமின் அளவு சாதாரண அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போன பிறகுதான் கொழுப்பு ஜீரணமாகாமல் மலத்தில் வரத் தொடங்கும் என்று வைத்தியர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். ஆகையால் ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு வேளை விருந்தின் பின் ஏற்படும் மந்தத்துக்குக் காரணம் என்ஸைம் பற்றாக்குறை அன்று. அளவுக்கு மீறிய ஆகாரமும், அவசரமாக விழுங்கியதும், உண்டவுடன் படுத்ததுமே பெரும்பாலும் காரணம்.

என்ஸைம் என்பதும் ஒரு புரதமே. பருப்பை எப்படி இரைப்பை அறுக்கிறதோ, அப்படியே நாம் விழுங்கும் என்ஸைம்களில் பெரும்பாலானவற்றையும் அது அறுத்து உணவாக்கிவிடுகிறது. பூஞ்சக் காளான் டயஸ்டேஸும் கடும் அமிலத்தில் தன் பலத்தை இழந்துவிடும். பெப்ஸினுக்கோ அமிலம் இல்லாமல் முடியாது. இரண்டையும் ஒரே பாட்டிலில் ஊற்றி விற்பது, ஒருவருக்குப் பகலும் ஒருவருக்கு இருளும் வேண்டியிருக்க, இருவரையும் ஒரே அறையில் வேலைக்கு அமர்த்துவது போலாகும்.

*

இனிக் கட்டிங் மாஸ்டரின் கதைக்குத் திரும்புவோம். ஆஸ்பத்திரியில் அவருடைய கணையத்தில் கற்கள் படிந்திருப்பதாகக் கண்டார்கள். இரத்தத்தில் சர்க்கரையும் ஏறியிருந்தது. இது 'நாட்பட்ட கணைய அழற்சி' என்னும் நோய். தென்னிந்தியாவுக்கு இது புதிதல்ல. கல் படிந்த கணையமும் அதனால் வரும் நீரிழிவும் கேரளத்தில் மிகுதி என்பதை 1960-களிலேயே டாக்டர் கீவர்கீஸ் விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார். மது அருந்துவோருக்கும் புகை பிடிப்போருக்கும் இந்நோயின் அபாயம் அதிகம். இரண்டையும் அறியாத இளைஞர்களுக்கும் அது வருவதுண்டு.

இதில் எனக்குப் பெரிதும் வருத்தம் தந்த விஷயம் ஒன்று உண்டு. உண்மையாகவே என்ஸைம் தேவைப்பட்ட மனிதர் அவர்! ஆயிரம் பேர் வீணாகச் சாப்பிடும் பொருள் அவருக்கு மட்டும் அத்தியாவசியமாயிருந்தது. ஆனால் அவருக்குக் குறைந்து போனது கொழுப்பை அறுக்கும் லிபேஸ்; டப்பாவிலிருந்த பப்பேனும் ப்ரோமெலைனும் புரதத்தை மட்டும் அறுப்பவை. ஏழு மாதம் அவர் செய்தது, கஞ்சி எடுக்கக் காட்டலேஸைப் போட்டதற்குச் சமானம்.

டாக்டர் கொடுத்த மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படும் பாங்க்ரியாட்டின். மரக்கறி உண்போர் இதைத் தெரிந்துகொண்டு டாக்டருடன் கலந்து பேசுவது நல்லது. அதன் சிறு குருணைகளுக்கு ஒரு மேற்பூச்சு உண்டு. இரைப்பையின் அமிலத்தில் கரையாமல், சிறுகுடலின் இலேசான சூழ்நிலைக்கு வந்த பிறகே அந்தப் பூச்சுக் கரையும். பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்குச் சாதாரணமாக 40,000 முதல் 50,000 யூனிட் வரை லிபேஸ் தேவைப்படுகிறது. சாப்பாட்டுக்கு முன்பும் அல்ல, பின்பும் அல்ல. சாப்பாட்டோடேயே உட்கொள்ள வேண்டும். சாயப்பட்டறையில் கேட்கும் அத்தனை கேள்விகளுக்கும் இங்கே விடை இருப்பதைக் கவனியுங்கள்: எது, எதன் மேல், எந்தப் புளிப்பில், எவ்வளவு, எப்பொழுது.

சில மாதங்களில் கட்டிங் மாஸ்டரின் சட்டை மறுபடி அவருக்குப் பொருந்தத் தொடங்கிற்று. சர்க்கரை வியாதியும் கணையத்திலுள்ள கல்லும் அவரை விட்டுப் போகவில்லை. முன்பே கண்டிருந்தால் ஏழு மாத மெலிவும் வேதனையும் மிஞ்சியிருக்கும்.

*

என்ஸைம் மருந்து என்றாலே புரட்டு என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். கணைய நோய்க்கு அது உயிர் மருந்து. பாலிலுள்ள சர்க்கரையை அறுக்கும் லாக்டேஸ், தென்னிந்தியப் பெரியவர்கள் பலருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பின் குறைந்துவிடுகிறது. பால் குடித்தால் வயிறு உப்பி இரைச்சலிடுகிறது. பாலோடு லாக்டேஸ் மாத்திரையை உட்கொண்டால் அந்தத் தொல்லை தணியும். பாலுக்குப் பதில் தயிரும் மோரும் உண்டால் மாத்திரைச் செலவின்றியே பலருக்குத் தணியும். மொச்சையும் கடலையும் உண்டாக்கும் வாயுவுக்கு ஆல்பா-காலக்டோஸிடேஸ் என்ற என்ஸைம் சில சோதனைகளில் ஓரளவு பயன்பட்டிருக்கிறது. நம் வீட்டுப் பாட்டிமார் இரவில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை இறுத்துக் கொட்டிவிட்டு வேகவைப்பதும் அந்த வாயுவுக்குக் காரணமான சர்க்கரைகளைக் குறைக்கும் முறையே.

பப்பேனும் கண்டிக்கத்தக்க பொருளன்று. நம் அண்டையிலுள்ள கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகம் பப்பாளிப் பாலுக்கென்றே கோ-2, கோ-5 போன்ற ரகங்களை உண்டாக்கித் தந்திருக்கிறது. காயைக் கீறி வடியும் பாலிலிருந்து எடுக்கும் பப்பேன் இறைச்சியை மிருதுவாக்கவும், பட்டுநூலின் பசையை நீக்கவும், வேறு பல தொழில்களுக்கும் உதவுகிறது. தொழிலில் அதற்கு உள்ள பெருமையைக் காட்டி, இல்லாத மருத்துவப் பெருமையை அதன் தலையில் ஏற்றுவதுதான் தவறு.

இத்தகைய ஏற்றுதல் எந்த அளவுக்குப் போயிருந்தது என்பதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. 2024 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் 156 கூட்டு மருந்துகளைத் தடை செய்து அறிவிப்பு வெளியிட்டது. அவற்றுள் ஒன்று அமிலேஸ், லிபேஸ், லாக்டேஸ், ப்ரோமெலைன், பப்பேன் முதலிய பன்னிரண்டுக்கும் மேற்பட்ட என்ஸைம்களை ஒரே மருந்தாகக் கலந்தது. மருத்துவ நியாயம் இல்லாத கலவை என்பதே அதன் மீது நிபுணர்களின் முடிவு. அந்தப் பட்டியலில் ஸெல்லுலேஸும் இருந்தது. ஆம், நம் பயோ வாஷ் தொட்டியில் பனியனைத் தேய்க்கும் அதே இனம்! மனித உடல் ஸெல்லுலேஸைச் சுரப்பதில்லை. கீரையிலும் தவிட்டிலும் உள்ள நார் அறுபடாமல் குடலுக்குள் செல்வதே மலச்சிக்கலைத் தடுத்து நமக்கு நன்மை செய்கிறது.

*

நச்சை வெளியேற்றும் என்ற பேச்சுக்கு வருவோம். இதற்குப் பதில் சொல்ல நொய்யல் நதியே போதும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் அந்த நதியில் நம் சாயக் கழிவை விட்டோம். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கிற்று. கீழேயிருந்த விவசாயிகளின் கிணறும் வயலும் உப்பேறின. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது, ஊரே ஸ்தம்பித்தது. பிறகு திறந்தவை, ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடாத முறையை ஏற்றே திறந்தன. அதற்குச் சவ்வு வடிகட்டிகளும், தண்ணீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் பெரிய யந்திரங்களும் வேண்டியிருந்தன. எந்த என்ஸைமாலும் உப்பை அகற்ற முடியாது என்பதை இந்த ஊர் பெரும் பொருள் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

நம் உடலிலும் அத்தகைய நிலையங்கள் பிறவியிலேயே இருக்கின்றன. இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. கல்லீரல் அம்மோனியாவை யூரியாவாகவும், மதுவை வேறு பொருள்களாகவும் மாற்றுகிறது. அந்த வேலையைச் செய்வது கல்லீரலுக்குள் உண்டாகும் என்ஸைம்களே; ஆனால் வாய் வழியே அவற்றை அங்கே அனுப்ப வழியில்லை. வடிகட்டும் நிலையம் பழுதானால் அதைப் பழுது பார்க்க வேண்டும்; பழுதாகாவிட்டால் பொடி எதற்கு? எந்த விஷம், முன்பு எவ்வளவு இருந்தது, பின்பு எவ்வளவு குறைந்தது என்று விற்பவரைக் கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காது.

தீங்கில்லாத பொருள்தானே என்ற சமாதானமும் முற்றும் சரியன்று. என்ஸைம் தூளைத் தொடர்ந்து சுவாசித்தவர்களுக்கு ஆஸ்துமா உண்டாவது சோப்புத்தூள் தொழிற்சாலைகளில் 1960-களிலேயே அறியப்பட்டது. ஆகவே நம் பட்டறைகளில் அதை அள்ளிக் கொட்டுவோர் முகக் கவசம் அணிவது அவசியம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர், டாக்டரைக் கேளாமல் பப்பேன், ப்ரோமெலைன் வில்லைகளைத் தொடலாகாது.

வீட்டுக்கு டப்பா வந்தால் தாய்மார்கள் அதைத் திருப்பிப் பின்புறம் படிக்க வேண்டும். என்ஸைமின் பெயரும், அதன் பலம் எத்தனை யூனிட் என்பதும் இருக்கிறதா? எடையை மட்டும் சொல்வது பயனற்றது. செத்துப் போன என்ஸைமுக்கும் அதே எடைதான். ஆரோக்கியத் துணைப் பொருளாக விற்கப்படுவது மருத்துவ உபயோகத்துக்கு அல்ல என்று அதன் மேலேயே அச்சிட வேண்டும் என்பது 2016-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதி. முன்புறம் வியாதி தீரும் என்று பேசிப் பின்புறம் அதை மறுக்கும் டப்பாவை வாங்காதிருப்பதே மேல்.

உடல் காரணமின்றி மெலிந்தாலும், மலத்தில் இரத்தமோ எண்ணெயோ கண்டாலும், மலம் தார் போல் கறுத்தாலும், விழுங்கக் கஷ்டமானாலும், கண் மஞ்சளித்தாலும், வயிற்று வலி முதுகு வரை போனாலும், நாற்பது வயதுக்கு மேல் புதிதாக அஜீரணம் தொடங்கினாலும், அன்றே டாக்டரிடம் போக வேண்டும். பொடிக்கு ஒரு மாதத் தவணைகூடக் கொடுக்கக் கூடாது.

கம்பெனி நடத்தும் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மதியமும் இரவும் அரை மணி நேரம், உட்கார்ந்து சுடுசோறு உண்ண இடமும் ஓய்வும் கொடுங்கள். ஒரு துணிக்குச் சூடும் நேரமும் தவறாமல் பார்த்துக் கொள்கிறோம். அதைத் தைப்பவருடைய வயிற்றுக்கும் அந்த அக்கறை உரியது. கட்டிங் மாஸ்டர் வேலை செய்யும் கம்பெனியில் இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கிறார்கள் என்று அவருடைய மகன் என்னிடம் சொன்னான். "அப்பா மாத்திரையைச் சோத்தோட எடுத்துக்கறாருங்க சார், மணி அடிக்காட்டி மறந்துருவாரு" என்றான்.